நம்பர் இல்லாத அட்டை

ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதை மெய்யாக்குவதற்காகக் கடல் கடந்து போனவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஈப்போவில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சர். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளியில் பழைய நாகரிகங்களின் எண்களைப் பற்றி ஒரு கண்காட்சி வைக்க முடிவாயிற்று. பூஜ்யத்துக்கு மட்டும் ஒரு தனிப் பலகை. அது என் பொறுப்பு. ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டே பெருமையடித்தேன்: “உலகத்திலேயே பழைய பூஜ்யம் எங்கள் காஞ்சிபுரத்துக் கோயில் சுவரில்தான் வெட்டியிருக்கிறது.” சரித்திரம் எடுக்கும் மிஸ் லிம் மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, “நீ பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டாள். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. “என் கண்ணால் பார்த்தேன்” என்றேன்.

அதுவரை நான் காஞ்சிபுரத்தை மிதித்ததே கிடையாது. என் அம்மா பிறந்த ஊர், அவ்வளவுதான். இந்தியாவில் ஏதோ ஒரு பழைய கோயில் சுவரில் பூஜ்யம் இருக்கிறது என்று எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். கோயில் என்றதும் என் மனசு தானாகக் காஞ்சிபுரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தலைமையாசிரியை அதோடு விடவில்லை. “விடுமுறையில் போய் அந்தக் கல்வெட்டின் படி ஒன்று எடுத்து வாருங்கள். பலகையின் நடுவில் மாட்டிவிடலாம்” என்றார். “எனக்கும் காட்டு” என்றாள் மிஸ் லிம். வெறும் கையோடு திரும்பினால் நான் பொய்க்காரி என்பது ஊருக்கே தெரிந்துவிடும். இந்தப் பயம்தான் என்னைக் கப்பல் ஏற்றியது.

திங்கட்கிழமை மத்தியானம் காஞ்சிபுரத்தில் இறங்கினேன். வெயில் என்றால் வெயில். எங்கள் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போகும். இங்கே வானம் துடைத்து வைத்த தட்டுப் போல இருந்தது. சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் என் பெட்டியின் கனத்தைப் பார்த்து, “உள்ள இன்னாமா, கருங்கல்லா?” என்றார். மூன்றாவது திருப்பத்தில் சங்கிலி கழன்றது. அவர் இறங்கிச் சங்கிலி மாட்ட, நான் இறங்கிப் பெட்டியைப் பிடித்துக்கொள்ள, பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்த ஆண்களும் பெண்களும் வேலையை நிறுத்தி எங்களை வேடிக்கை பார்த்தார்கள். தெருவை அடைத்து நின்ற நூலுக்கு அந்தப் பக்கம்தான் நான் போகவேண்டிய வீடு. யாரும் நூலை விலக்கவில்லை. “குனிஞ்சி வாம்மா” என்றார்கள். குனிந்துதான் நுழைந்தேன்.

அது என் சித்தி மகள் தனத்தின் வீடு. கடிதத்தில் மட்டும் பழக்கம். என்னைவிட நாலைந்து வயது இளையவள். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னாக்கா, இப்பிடி எளைச்சிப் போய் வந்திருக்கிற?” என்றாள். முன்பின் பார்த்திராதவள், எதோடு ஒப்பிட்டு இளைத்துவிட்டேன் என்கிறாளோ தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியில் நான் அந்த வீட்டுக்காரி ஆகிவிட்டேன். அவள் புருஷன் கன்னியப்பன் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். “டீச்சரம்மா, எழுந்துக்க முடியல, கோச்சிக்காதீங்க. கல்யாணப் பொடவை. ஐயம்பேட்டையில பொண்ணு. ஞாயித்துக்கெழமை முகூர்த்தம், சனிக்கெழமை காலைல பொடவை போயாவணும்.”

தறி ஒரு அறையை முழுக்க அடைத்திருந்தது. பாதி வீடு தறிக்கு, மீதி வீடு மனிதர்களுக்கு. நெய்கிறவர் கால் தரைக்குக் கீழே குழியில். தலைக்கு மேலே ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டியில் மாலை கோத்த மாதிரி நீள நீளமான அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை படுத்திருக்கும். இப்படித்தான் அன்னமும் கொடியும் மாங்காயும் புடவையில் வருகின்றன என்று தனம் சொன்னாள். உடல் முடிந்து முந்தானை மட்டும் பாக்கி. முந்தானைக்கான புது அட்டைகள் துளை போட்டு வந்து, இன்னும் கோக்கப்படாமல், கூடத்து மூலையில் ஒரு பலகை மேல் அடுக்காக இருந்தன. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். என் தட்டில் மட்டும் சோறு வைத்தார்கள். எனக்கும் களிதான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். விழுங்கத் தெரியாமல் மென்று தின்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு உருண்டை வைத்தாள் தனம்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தேன். ஊரின் மேற்கு ஓரத்தில், வயலைப் பார்த்துக்கொண்டு, கூட்டம் இல்லாமல் இருக்கிறது அந்தக் கோயில். என் அதிர்ஷ்டம், சுவர் ஓரத்தில் ஒருவர் கல்வெட்டுக்குப் படி எடுத்துக்கொண்டிருந்தார். பெயர் சாமுவேல், நாற்பது வயதிருக்கும், முசரவாக்கத்துக்காரர். ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிகளுக்குள் இறக்கி, மேலே துணிப்பொதியால் மை ஒற்றுவார். மை படாத இடத்தில் எழுத்து வெள்ளையாக நிற்கும். இருபது வருஷமாக இதே வேலையாம்.

“பூஜ்யம் எந்தச் சுவரில் இருக்கிறது?” என்று கேட்டேன், ஏதோ கழிப்பறை எங்கே என்று கேட்பது போல.

“பூஜ்யமா? இங்க அதெல்லாம் இல்லைங்கம்மா.”

“நன்றாகப் பார்த்தீர்களா?”

“எவ்ளோ கல்லுல படி எடுத்துகினு இருக்கறேன், நம்ம பழைய தமிழ்க் கணக்குல பூஜ்யத்த நான் பாத்ததே இல்ல.” மை கறை பட்ட விரலால் சுவரில் ஓரிடத்தைக் காட்டினார். “இத பாருங்க. கோயில் வெளக்கு நெய்க்கு ஆடு வுட்டிருக்காங்க. இது ஒம்பது. பக்கத்துல இருக்கறது பத்து. ஒம்பது பத்து, தொண்ணூறு ஆடு. பத்துக்குத் தனி எழுத்து, நூறுக்குத் தனி எழுத்து, ஆயிரத்துக்குத் தனி எழுத்து இருக்குது. பூஜ்யத்துக்கு இங்க இன்னா வேலை?”

நான் கணக்கு டீச்சர். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ௯௰ என்று அந்தக் கல்லில் நின்ற இரண்டு எழுத்தும் என்னைப் பார்த்துச் சிரித்தன. இருநூற்று மூன்று என்று எழுதவேண்டுமானால் இரண்டு, நூறு, மூன்று என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் காலி இடமே வராது. காலி இடம் வராதவர்களுக்குப் பூஜ்யம் எதற்கு?

“வடக்க குவாலியர்ல ஒரு கோயில்ல இருக்குதுன்னு எங்க ஆபீசரு சொல்லுவாரு” என்றார் சாமுவேல், என் முகத்தைப் பார்த்துவிட்டு. அப்போதுதான் அந்தப் பத்திரிகை ஞாபகம் வந்தது. அதில் போட்டிருந்தது குவாலியர்தான். அம்மா ஊர்ப் பாசத்தில் நான் குவாலியரைத் தூக்கிக் காஞ்சிபுரத்தில் வைத்திருக்கிறேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சுவரின் கீழ் வரிசையில் கல் பொரிந்து வட்டமாக ஒரு குழி விழுந்திருந்தது. “அதைச் சேர்த்து ஒரு படி எடுத்துத் தர முடியுமா? பக்கத்தில் அந்த ஒன்பது வருகிற மாதிரி?” என்று கேட்டேன். சாமுவேல் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. “கல்லுல இல்லாதது காயிதத்துல வரக்கூடாதும்மா” என்றார். பிறகு, நான் கேட்காமலே, அந்தத் தொண்ணூறு ஆட்டுக்கு அழகாக ஒரு படி எடுத்து, வெயிலில் காய வைத்து, சுருட்டி, வாழைநாரால் கட்டிக் கொடுத்தார். கொண்டுவந்திருந்த சோற்றிலும் பாதி எனக்கு. மாங்காய்த் துண்டும் பழைய சோறும் அவ்வளவு ருசி என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தை விரித்தேன். கல்வெட்டு இல்லாவிட்டாலும் பலகைக்கு விஷயம் வேண்டுமே. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கட்டம் போடலாம் என்றால் கோடு போட ஸ்கேல் இல்லை. ஸ்கேல் இல்லாத கணக்கு டீச்சர்! சுற்றிப் பார்த்தேன். மூலையில் அட்டை அடுக்கு. ஒவ்வொரு அட்டையிலும் நூற்றுக்கணக்கில் துளை, ஓரத்தில் பென்சிலால் நம்பர். நடுவில் கண்ணில் பட்ட ஓர் அட்டை, கோக்கிற துளைகளைத் தவிர, வழவழவென்று வெறுமையாக இருந்தது. நம்பரும் இல்லை. துளை போட மறந்த வீண் அட்டை என்று நானே முடிவு செய்து உருவிக்கொண்டேன். ஒரு முழ நீளத்துக்கும் குறைவு. கோடு போட அதைவிட நல்ல ஸ்கேல் கிடைக்காது.

அதை வைத்துக் கட்டம் போட்டு எழுதினேன். பாபிலோன்காரர்கள் இல்லாத இடத்தைக் காலியாக விட்டு எழுதினார்கள். படிக்கிறவர்களுக்குக் குழப்பம் வந்தது. பிறகு ஆப்பு வடிவத்தில் சாய்ந்த இரண்டு குறிகளை அந்த இடத்தில் பதித்தார்கள். சீனர்கள் கணக்குப் பலகையில் குச்சி வைப்பார்கள், இல்லாத இடத்தில் குச்சி வைக்கமாட்டார்கள். மத்திய அமெரிக்காவின் மாயர்கள் ஒரு சிப்பியை வரைந்தார்கள். இந்தியாவில் ஒரு புள்ளி வைத்தார்கள். எழுதி முடித்து அட்டையைப் பக்க அடையாளமாக நோட்டுக்குள் செருகினேன். சற்று நேரத்தில் ஒரு பெண் வந்து அடுக்கைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். அவள் சரோஜா என்றும், பக்கத்துத் தெருவில் அட்டை கோக்கிறவள் என்றும், அந்த வட்டாரத்துத் தறிகளுக்கெல்லாம் அவள்தான் கோத்துக் கொடுக்கிறாள் என்றும் தனம் சொன்னாள்.

புதன்கிழமை எனக்குக் கடைசி ஆசை ஒன்று இருந்தது. கூரம் என்ற கிராமத்துப் பல்லவர் செப்பேடு பேர்போனது. கல்லில் இல்லாதது செம்பில் இருக்காதா? பஸ் ஏறினேன். முசரவாக்கம் பக்கத்தில் ரேடியேட்டர் கொதித்து பஸ் நின்றது. டிரைவர் குடத்தோடு தண்ணீர் தேடிப் போனார். கண்டக்டர் புளியமர நிழலில் துண்டை விரித்துவிட்டார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆளாளுக்குக் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பார்கள். இங்கே பத்து நிமிஷத்தில் எல்லோரும் உறவு சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் மடியிலிருந்து நுங்கு எடுத்துக் கொடுத்து, “எங்கம்மா போற?” என்றாள். “கூரத்துக்கு. செப்பேடு பார்க்க.” “அது இங்க எங்க இருக்குது? எப்பவோ எடுத்துகினு பூட்டாங்களே!” பஸ்ஸே சேர்ந்து சிரித்தது. இருந்தாலும் வைக்கோல் வண்டியில் ஏறிக் கூரம் போனேன். கோயிலைப் பார்த்தேன், கும்பிட்டேன், திரும்பினேன். முதுகெல்லாம் வைக்கோல் அரிப்பு. வீட்டில் தனம் வெந்நீர் வைத்திருந்தாள். நான் இல்லாத நேரத்தில் சரோஜா அட்டைகளைக் கோத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். கன்னியப்பன் அந்த மாலையைப் பெட்டியில் ஏற்றியிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் முந்தானை தொடங்கியது. கன்னியப்பன் ஒரு பக்கம், கரைக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளத் தனம் மறுபக்கம். நான் சுவரோரம் உட்கார்ந்து, ஊரில் போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தறிச் சத்தம் நல்ல தாளத்தில் போய்க்கொண்டிருந்தது. புடவையின் முகம் கீழ்ப்பக்கம் பார்த்திருப்பதால் நெய்கிறவருக்கு வேலைப்பாடு உடனே தெரியாது. அவ்வப்போது கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்க்க வேண்டும். மத்தியானம் அப்படிப் பார்த்த கன்னியப்பன் சத்தத்தை நிறுத்தினார். மறுபடி பார்த்தார். “தனம், இங்க வா” என்றார். குரல் மாறியிருந்தது.

முதல் வரிசை அன்னங்கள் லட்சணமாக இருந்தன. அவற்றுக்கு மேலே கொடி ஓட வேண்டிய இடத்தில் ஜரிகை புற்று மாதிரி குழம்பிக் கிடந்தது. அடுத்த வரிசையில் அன்னத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. அரை முழம் பட்டும் ஜரிகையும் போயிற்று. சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி.

கன்னியப்பன் அட்டைகளை எண்ணினார். “எம்பத்தி மூணு. நான் அடுக்கி வெச்சது எம்பத்தி நாலு.” எனக்காக விளக்கவும் செய்தார், பாவம், அந்த நேரத்திலும்: “ஒத்தப்பட அட்டை ஜரிகைக்கு, ரெட்டப்பட அட்டை பட்டுக்கும்மா. நடுவுல ஒண்ணு பூட்டா ஜரிகைக்கு வர வேண்டியது பட்டுக்கு வந்துகினே இருக்கும்.”

சரோஜாவுக்கு ஆள் போயிற்று. அதற்குள் பட்டு கொடுக்கும் முதலாளியின் ஆளும் புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்து சேர்ந்தார். பக்கத்து வீடுகளிலிருந்தும் நாலைந்து பேர். சரோஜா ஈரக் கையோடு ஓடிவந்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். பதற்றத்தில், “அய்யோ தேவுடா” என்றுதான் முதலில் வந்தது.

“என் கைக்கு வந்தது எம்பத்தி மூணுதான்ணா. நம்பர் பாத்துத்தான் கோத்தேன். ஒண்ணு கூட மாறல.”

“வெறும் அட்டைக்கு நம்பர் ஏதும்மா?” என்றார் கன்னியப்பன். “அன்னம் முடிஞ்சி கொடி ஆரம்பிக்கறதுக்கு நடுவுல ஒரு வெறும் அட்டை. எழை எதுவும் எழும்பக் கூடாது, ஆனா அந்த அட்டை விழுந்தாகணும். அது எங்க?”

“நான் பாக்கலண்ணா. சத்தியமா பாக்கல.”

முதலாளியின் ஆள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “கோக்கறப்ப கீழ வுட்டுட்டு, பாக்கலன்னா ஆச்சா? இனிமே இந்தத் தெருவுக்கு அட்டை கோக்கற வேலைய வேற ஆளுக்குக் குடுத்துடச் சொல்றேன்.”

சரோஜா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் எப்போதோ போய்விட்டிருந்தது. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

வெறும் அட்டை. நம்பர் இல்லாத அட்டை. என் மடியில் நோட்டுப் புத்தகம் இருந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு விரற்கடை அளவு அட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குத் தோன்றியது சொல்ல வேண்டும் என்பதல்ல. எல்லோரும் தறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; அட்டையை மெல்ல உருவிப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு, “இதோ, இங்கே விழுந்திருக்கிறதே” என்று எடுத்துக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆசிரியர் அறையில் வாய்க்கு எவ்வளவு சுலபமாகப் பொய் வந்ததோ, அவ்வளவு சுலபமாகக் கையும் நோட்டுக்குள் போயிற்று. ஆனால் அப்படிச் செய்தால், அடுக்கிலிருந்து கவனமில்லாமல் கீழே விட்டவள் என்ற பேர் சரோஜாவுக்கு நின்றுவிடும். சாமுவேல் பிரஷ்ஷைக் கீழே வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

எழுந்து நின்று அட்டையை நீட்டினேன். “நான்தான் எடுத்தேன். செவ்வாய்க்கிழமை. ஒன்றுமில்லாத அட்டை என்று நினைத்துக் கோடு போட எடுத்துக்கொண்டேன். சரோஜாமேல் எந்தத் தப்பும் இல்லை.”

கணக்கு டீச்சர், அதுவும் பூஜ்யத்தைத் தேடிக் கடல் தாண்டி வந்தவள், கண்முன்னால் இருந்த பூஜ்யத்தைக் குப்பை என்று எடுத்து, அதாலேயே கோடு போட்டுப் பூஜ்யத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். பூமி பிளக்காதா என்று இருந்தது.

முதலில் சிரித்தது கன்னியப்பன்தான். “எங்க அட்டைய வெச்சி எங்க தறிக்கே கோடு போட்டுட்டீங்களே டீச்சரம்மா!” என்றார். தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளியின் ஆள் தொண்டையைச் செருமி, “அப்ப செரி, சரோஜாவே கோக்கட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து அட்டையை வாங்கிக்கொண்டு, “நாலு பேரு எதுர்ல நிக்க வெச்சிட்டீங்களேக்கா” என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்துவிட்டு, மாலையை இறக்கி, அந்த இடத்தில் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

அன்று பொழுது சாயும் வரைக்கும் நெய்ததைப் பிரித்தோம். நெய்வதைவிடப் பிரிப்பது கஷ்டம். ஜரிகை அறுந்துவிடாமல் ஒவ்வோர் இழையாக உருவ வேண்டும். என் கையைத் தறிமேல் வைக்க விடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. “இந்த முனைய இழுத்துப் புடிங்க, விட்டுடாதீங்க” என்று கன்னியப்பன் என்னையும் உட்கார வைத்தார். கெடுத்தவளிடமே ஒரு முனையைக் கொடுத்த அந்த மனசை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, கன்னியப்பன் தறியில் இறங்குவதற்கு முன், சரோஜா வந்தாள். ஒரு கையில் இலைப்பொட்டலம், மறு கையில் குங்குமச் சிமிழ். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள். உள்ளே மந்தாரை இலை வாசனையோடு கோயில் இட்லி, மிளகும் சுக்கும் தூக்கலாக. “சாப்புடுங்க. நேத்து நீங்க சோறே துன்னலன்னு தனம் சொல்லிச்சி” என்றாள், இன்னும் முகம் கொடுக்காமலே. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இட்லியைப் பிட்டு வாயில் போட்டு மிளகு காரம் என்று சமாளித்தேன்.

அவள் மாலையை விரித்து, நான் எடுத்ததோடு சேர்த்து அதில் இருந்த மூன்று வெறும் அட்டைகளையும் தேடிப் பிடித்தாள். விரலைக் கொஞ்சம் எண்ணெயில் தொட்டு, குங்குமத்தில் தொட்டு, ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தாள்.

“என்ன செய்கிறாய்?” என்று கேட்டேன்.

“எதுவும் இல்லாத அட்டைன்னுதான நீங்க எடுத்தீங்க? பொட்டு வெச்சிட்டா எவரும் தொடமாட்டாங்க. இதுல ஒண்ணும் இல்ல, ஆனா இது இங்கதான் இருக்கணும். அதுக்கோசரம்.”

“நம்பர் போட்டால் போதாதா?”

“ஒண்ணுமே இல்லாததுக்கு ஏதுக்கா நம்பர்? அது இருக்கற எடம்தான் அதுக்கு நம்பரு.”

கையிலிருந்த இட்லியை இலையில் வைத்துவிட்டேன். பாபிலோன்காரன் இடத்தைக் காலியாக விட்டான். யாரோ அதைக் கவனிக்காமல் கணக்கைக் குழப்பினார்கள். அதற்குப் பிறகுதான் குறி போட்டான். நான் நோட்டில் அழகாக எழுதி வைத்தது இதைத்தானே? ஆனால் எழுதும்போது எனக்கு அது வெறும் செய்தி. இங்கே ஒருத்தி, நாலு பேர் எதிரில் பட்ட அவமானம் ஆறுவதற்கு முன், இனி யாரும் அப்படி நிற்கக்கூடாது என்று பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பாபிலோனிலும் எவளோ ஒருத்தி இப்படிக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. புத்தகத்தில் அவள் பேர் இருக்காது.

தறி மறுபடி தாளம் பிடித்தது. கன்னியப்பன் இரண்டு வேளைச் சாப்பாட்டையும் தறிக்குழியிலேயே முடித்தார். தனம் நாடாவை விட்டு எழுந்திருக்கவில்லை. சமையல் அன்று என் கையில் விழுந்தது. என் சாம்பாரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாதது அவர்களுடைய நல்ல குணம். சாயங்காலம் கண்ணாடியை அடியில் நீட்டி எனக்குக் காட்டினார் கன்னியப்பன். அன்னத்துக்கு மேல் கொடி, கொடிக்கு மேல் அன்னம், எல்லாம் அதனதன் இடத்தில்.

சனிக்கிழமை காலை புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்தார்கள். மெரூன் உடல், பச்சைக் கரை. அன்னமும் கொடியும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே ஓர் இழை இடைவெளி. நான் கெடுத்ததும் அவர்கள் மீட்டதும் அந்த ஓர் இழைதான். ஐயம்பேட்டையிலிருந்து வந்த பெண்வீட்டார் அதைக் கவனிக்கவில்லை, கவனிக்கவும் வேண்டாம். நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான் கிளம்பும்போது சரோஜா தெருமுனை வரைக்கும் வந்தாள். ஒரு புது அட்டையை, துளை போடாதது, என் கையில் வைத்தாள். அதன் ஓரத்தில் பொட்டு. “கோடு போட்டுக்கோங்கக்கா. இது உங்களுக்குன்னே வெச்சது” என்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவள் சிரித்ததைப் பார்த்தேன். கஞ்சி போட்ட நூலுக்கு அடியில் குனிந்து, பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஈப்போவில் பலகை தயாராயிற்று. ஒரு பக்கம் சாமுவேல் எடுத்துக் கொடுத்த தொண்ணூறு ஆடுகள். அதன் கீழே, பழைய தமிழர்கள் பூஜ்யம் இல்லாமலே எப்படி எண் எழுதினார்கள் என்ற குறிப்பு. நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், சரோஜாவின் அட்டை. திறப்பு நாளுக்கு முன்னாலேயே தலைமையாசிரியையிடமும் மிஸ் லிம்மிடமும் போய், நான் சொன்னது பொய், காஞ்சிபுரத்தில் அப்படி ஒரு கல்வெட்டே கிடையாது என்று ஒப்புக்கொண்டேன். தலைமையாசிரியை, “அட்டை இருக்கட்டும்” என்றார்.

மிஸ் லிம் பலகைக்கு முன் நெடுநேரம் நின்றாள். மூக்குக்கண்ணாடியை இறக்கி, குங்குமப் பொட்டை உற்றுப் பார்த்தாள். “இது எவ்வளவு பழையது?” என்றாள்.

“ஒன்றரை மாதம்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “இதையாவது நீ பார்த்தாயா?”

“பார்த்தேன். அவள் வைக்கும்போது எதிரில் இட்லி தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அதை வைக்க வேண்டி வந்ததே என்னால்தான்” என்றேன்.